வாய் வழியாக எதுவும் கூடாது

ஜனவரி 9

கோயம்புத்தூர். ஆஸ்பத்திரி வராந்தா.

குன்னூரில் எங்கள் தபால் ஆபீசுக்கு எதிரே இருக்கும் மருந்துக் கடைக்காரர் வருஷா வருஷம் எனக்கு ஒரு டைரி கொடுப்பார். ஒரு வரிகூட எழுதியதில்லை. இந்த வருஷத்து டைரி கைப்பையிலேயே கிடந்ததால் என்னோடு மலையிறங்கி வந்துவிட்டது. ஐ.சி.யூ. கதவையே முறைத்துக்கொண்டிருந்தால் அது திறந்துவிடவா போகிறது? எழுதித்தான் பார்ப்போமே.

நேற்றுக் காலை பத்தரை மணிக்கு என் வீட்டுக்காரர் விழுந்தார். வேலை பார்க்கும் தேயிலை ஃபாக்டரியில், ருசி பார்க்க வரிசையாக வைத்திருந்த கிண்ணங்களுக்கு முன்னால், கரண்டியும் கையுமாக. எனக்குப் போன் வந்தபோது நான் ஒரு ரிஜிஸ்டர் தபாலுக்கு முத்திரை குத்திக்கொண்டிருந்தேன். சப் போஸ்ட்மாஸ்டர் செண்பகவல்லி, அதாவது நான், கவுண்டரை அப்படியே விட்டுவிட்டு ஓடியது சர்வீசிலேயே இதுதான் முதல் தடவை.

மூளையில் இடது பக்கம் இரத்தம் கசிந்திருக்கிறது. வலது கை, வலது கால் அசையவில்லை. பேச்சு இல்லை. ஐம்பத்தேழு வயது. பிரஷர் மாத்திரை ஒழுங்காகப் போட்டாரா என்று டாக்டர் கேட்டார். போடுகிறார் என்றேன். பிறகு இவர் சட்டைப் பையிலிருந்து பிரிக்காத மாத்திரை அட்டை இரண்டு எடுத்துக் கொடுத்தார்கள். எனக்கு வந்த ஆத்திரத்தில் அழுகைகூட வரவில்லை. எழுந்து வரட்டும், பேசிக்கொள்கிறேன்.

ஜனவரி 11

ஆபரேஷன் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். கசிவு நின்றுவிட்டதாம்.

தென்காசியிலிருந்து மதினி வந்துவிட்டார். இவருக்கு அக்கா, ஆவுடையம்மாள். இரண்டு பை, ஒரு கூடை, கூடவே ஆயிரம் யோசனை. வந்ததும் என்னைப் பார்த்துச் சொன்ன முதல் வார்த்தை: "ஏட்டி, அவனுக்கு மாத்திர எடுத்துக் குடுக்கக்கூட உனக்கு நேரமில்லையோ?"

பதில் சொல்லியிருந்தால் வராந்தாவே கூடியிருக்கும்.

ஜனவரி 12

கண் திறந்தார். என்னைப் பார்த்த மாதிரியும் இருந்தது, பார்க்காத மாதிரியும் இருந்தது.

ஜனவரி 13

இன்று டாக்டர் ஷபானாவைப் பிடித்து உட்கார வைத்து விஷயத்தைக் கேட்டுக்கொண்டேன். சின்னப் பெண்தான், முப்பத்தைந்து இருக்கும். கோபப்படாமல் சொல்கிறாள்.

"ரத்தம் நின்னாச்சும்மா. ஆனா வெளிய வந்த ரத்தம் மூளைக்குள்ளயே கட்டி நிக்குது. உடம்புக்கு அது வேண்டாத பொருள். அதை அள்ள செல்கள் படையா வரும். வந்தா அங்க சூடு, வீக்கம் எல்லாம் இருக்கும். பக்கத்துல நல்லா இருக்கிற இடமும் அடி வாங்கும்."

"அப்போ அதை வர விடாமத் தடுத்துற வேண்டியதுதானே?"

"அதுங்க வரலேன்னா ரத்தத்தை யார் அள்றது? முதல்ல கெடுதல் பண்றதும் அதுங்கதான், அப்புறம் ஆற வைக்கிறதும் அதுங்கதான். எப்போ அடக்கணும், எப்போ விடணும்னு இன்னும் ஆராய்ச்சிதான் நடக்குது. நம்ம கையில இருக்கிறது, வேற எந்தத் தொந்தரவும் வராம பாத்துக்கிறது. காய்ச்சல், சளி, கிருமி எதுவும் வரக் கூடாது. உடம்புல வேற எங்கயாவது தீ பிடிச்சா இங்கயும் அது ஏறும்."

எனக்குப் புரிந்தது. எங்கள் மலை ரோட்டில் பர்லியார் பக்கம் மண் சரிந்தால் பொக்லைன் வருகிறது. மண்ணை அள்ளும்போதே பாதி ரோட்டையும் பெயர்த்துவிடுகிறது. அதற்காக அது வராமலே இருந்தால் பஸ் போகுமா?

வீக்கம் ஒழுங்காக இறங்கினால் பேச்சும் கையும் ஓரளவு திரும்பலாம் என்றாள். "எவ்வளவு?" என்றேன். "இந்த ரெண்டு மூணு வாரம் எப்படிப் போகுதுங்கிறதுல இருக்கு." அதை வாங்கிக்கொண்டு வந்து உட்கார்ந்திருக்கிறேன்.

ஜனவரி 15

பொங்கல். இவரை ஐ.சி.யூ.விலிருந்து அறைக்கு மாற்றினார்கள். இன்றைக்கு இதுவே போதும்.

பகலில் பார்த்துக்கொள்ள ஆஸ்பத்திரியிலேயே ஓர் ஆயாவைப் போட்டிருக்கிறார்கள். மயிலாத்தாள், சூலூர்ப் பக்கம். என் வயதுதான் இருக்கும். இவரைப் புரட்டிப் படுக்க வைப்பதைப் பார்த்தால் நாற்பது கிலோ மூட்டையைத் தூக்குகிறவள் மாதிரியும் இல்லை, பச்சைப் பிள்ளையைத் தூக்குகிறவள் மாதிரியும் இல்லை. இரண்டுக்கும் நடுவில் ஒரு பதம் வைத்திருக்கிறாள். டீத் தம்ளர் மட்டும் கையை விட்டு இறங்காது. மதினிக்கு அது கண்ணை உறுத்துகிறது.

கட்டிலுக்கு மேலே ஒரு அட்டை தொங்குகிறது: வாய் வழியாக எதுவும் கொடுக்கக் கூடாது. விழுங்கும் தசை ஒத்துழைக்கவில்லையாம். கொடுத்தால் வயிற்றுக்குப் போகாமல் நுரையீரலுக்குப் போய்விடுமாம். மூக்கில் குழாய். அதில் கஞ்சித் தண்ணி, பால், மருந்து எல்லாம்.

மதினி அட்டையை எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு, "ஒரு வாரமா அவன் நாக்கு நனயலியே" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

ஜனவரி 16

ஃபாக்டரியிலிருந்து இவரோடு வேலை செய்கிறவர் ஒரு பொட்டலம் கொடுத்தனுப்பியிருக்கிறார். போன வாரம் பனி விழுந்தபோது பறித்த இலையின் தூள். வருஷத்திலேயே உசத்தியான சரக்கு இதுதான். சார் இல்லாமல் இதற்கு யார் தரம் சொல்வது என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதியிருந்தார்.

முப்பத்தோரு வருஷமாக இவருக்கு இதுதான் பிழைப்பு. நாளைக்கு நூறு கிண்ணத்துக்குக் குறையாது. கரண்டியில் எடுத்து, காற்றையும் சேர்த்துச் சர்ரென்று உறிஞ்சி, நாக்கில் உருட்டி, பக்கத்துத் தொட்டியில் துப்பிவிட வேண்டும். ஒரு சொட்டு உள்ளே போகக் கூடாது. இரவல் வாயால் குடிக்கிற மாதிரி இருக்கும். கல்யாணமான புதிதில் எங்கள் வீட்டில் காபியையும் அப்படியே உறிஞ்சினார். என் அப்பா இலையை விட்டு எழுந்துவிட்டார்.

பொட்டலத்தைப் பிரித்து, குழாய் இல்லாத மூக்குத் துவாரத்தருகில் காட்டினேன். இவர் கண் பொட்டலத்தோடு கூடவே வந்தது. இந்தப் பக்கம் நகர்த்தினேன், வந்தது. அந்தப் பக்கம் நகர்த்தினேன், அங்கேயும் வந்தது. எட்டு நாளில் இவர் என் பெயருக்குத் திரும்பவில்லை. தேயிலைக்குத் திரும்புகிறார். இருக்கட்டும். எதற்காவது திரும்பினால் சரி.

ஜனவரி 17

ஒன்றும் விசேஷமில்லை.

மதினி மருதமலைக்குப் போயிருந்தார். மயிலாத்தாள் ஒரு மணிக்குச் சாப்பிடப் போனாள். கான்டீனில் வெந்நீர் வாங்கி வந்தேன். ஃப்ளாஸ்க்கைக் கழுவிக் கவிழ்த்தேன். இன்னொரு தடவையும் கழுவினேன். இவர் கொஞ்சம் இருமினார். ஏ.சி. காற்று ஒத்துக்கொள்ளவில்லை போலிருக்கிறது.

ஜனவரி 18

காலையில் உடம்பு கொதித்தது. நூற்றிரண்டு.

டாக்டர் ஷபானா நெஞ்சில் குழலை வைத்து வெகுநேரம் கேட்டாள். எக்ஸ்ரே எடுத்தார்கள், தெளிவாகத்தான் இருக்கிறது. என்னை வெளியே அழைத்துப் போய்ச் சொன்னாள்.

"காய்ச்சல் ரெண்டு காரணத்தால வரலாம்மா. தலைக்குள்ள ரத்தம் கரையறப்போ அந்த வீக்கத்தாலயே வரும். அப்படீன்னா சூட்டைக் குறைச்சுட்டுப் பொறுத்திருக்கணும். இல்ல, நுரையீரல்ல ஏதாவது போய் கிருமி பிடிச்சிருக்கணும். அதுக்கு வைத்தியம் வேற, உடனே ஆரம்பிக்கணும். எக்ஸ்ரேல தெரிய ஒரு நாள் ரெண்டு நாள்கூட ஆகும். வாய் வழியா ஏதாவது போச்சா?"

"இல்லை" என்றேன்.

"ஒரு வாய் தண்ணிகூட?"

"அதான் அட்டையில எழுதித் தொங்க விட்டிருக்கீங்களே."

ஏன் அப்படி வெடுக்கென்று பேசினேன் என்று தெரியவில்லை. பாவம், அவள் கேஸ் ஷீட்டில் எழுதிக்கொண்டு போனாள்.

ஜனவரி 19

காய்ச்சல் இறங்கவில்லை. கூப்பிட்டால் கண் திறக்கவில்லை. முந்தாநாள் வரை இடது கையால் என் விரலை அழுத்துவார். இன்று அந்தக் கை துவண்டு கிடந்தது. நெற்றிக்கும் அக்குளுக்கும் ஈரத் துணி மாற்றிக்கொண்டே இருந்தேன்.

மயிலாத்தாள் வரவில்லை. வேறொரு பெண் வந்தாள். நர்சைக் கேட்டால், "அவங்கள வேற வார்டுக்கு மாத்தியாச்சு" என்பதோடு நிறுத்திக்கொண்டாள்.

மதினிக்கு அது போதாதா? "பாத்தியா, நான் சொல்லுதேன் கேட்டுக்க. எந்நேரமும் டீத் தம்ளரும் கையுமாத்தான இருந்தா. பாவம் பாக்குதேன்னு அவன் வாயில ஊத்திருப்பா. அதான் தூக்கி அடிச்சுட்டாவ."

நான் துண்டை மடித்துக்கொண்டிருந்தேன். ஒரே துண்டை எத்தனை தடவை மடிப்பது? மதினி இன்னும் என்னென்னவோ சொன்னார். அந்தப் பெண்ணின் குலம் கோத்திரம் வரை போய்விட்டார். எனக்கு என்ன தெரியும் சொல்வதற்கு?

ஜனவரி 20

டைரியிடமே பொய் சொல்கிறவள் உலகத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். இன்று காலை டாக்டரிடம் சொல்லிவிட்டேன். இங்கேயும் எழுதிவிடுகிறேன்.

பதினேழாம் தேதி மதியம் நான்தான் அந்தத் தூளை ஃப்ளாஸ்க் வெந்நீரில் ஊற வைத்துத் தம்ளரில் ஆற்றினேன். நான்தான் கரண்டியில் எடுத்து இவர் உதட்டில் வைத்தேன். குடிக்கவா கொடுத்தேன்? விழுங்குவதுதானே கூடாது என்று எழுதியிருக்கிறது, இவர்தான் விழுங்குகிற ஆளே இல்லையே என்று நினைத்தேன். முப்பத்தோரு வருஷத்துப் பழக்கம், நாக்கில் பட்டதும் தானாகத் துப்பிவிடுவார், கையில் கிண்ணம்கூடத் தயாராக வைத்திருந்தேன். ருசி பட்டால் மூளை விழித்துக்கொள்ளும் என்று ஓர் ஆசை. இவரைப் பற்றி டாக்டரைவிட எனக்குத் தெரியும் என்று ஒரு திமிர்.

முதல் கரண்டியில் உதடு குவிந்தது. இரண்டாவதில் சர்ரென்று உறிஞ்சினார். அந்தச் சத்தத்தைக் கேட்டு எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. சந்தோஷத்தில் மூன்றாவதும் கொடுத்தேன். துப்பவில்லை. முகம் சிவந்து இருமினார். தலையணையில் கொஞ்சம் சிந்தியது. அவ்வளவுதான்.

டாக்டர் ஷபானா முழுவதையும் குறுக்கே பேசாமல் கேட்டாள்.

"காத்தோட சேர்த்து உறிஞ்சினாரா? அதான் நேரா மூச்சுக் குழாய்க்குப் போயிருக்கு. டீன்னு தெரியும்மா. எவ்வளவு, எப்படின்னுதான் தெரியாம இருந்துச்சு."

"தெரியுமா?"

"பதினெட்டாந்தேதி சாயங்காலமே மருந்தை ஆரம்பிச்சாச்சு. மயிலாத்தாள் வந்து சொன்னாங்க. தலகாணி உறையில டீக் கறை இருந்துச்சு, வாய்க்குள்ள போயிருக்கும், பாத்துக்கங்கன்னு. யார் குடுத்ததுன்னு கேட்டோம். அது தெரியாதுன்னாங்க. அவங்கதான் குடுத்திருக்கணும்னு நர்சிங் பக்கம் முடிவு பண்ணி மாத்திட்டாங்க."

"நான் அன்னைக்கே சொல்லியிருந்தா?" என்று கேட்டேன்.

"காலையிலயே ஆரம்பிச்சிருப்போம்" என்றாள். கூட்டியும் சொல்லவில்லை, குறைத்தும் சொல்லவில்லை. இன்னும் இரண்டு நாள் பார்க்க வேண்டுமாம்.

ஜனவரி 21

நூற்றொன்று. மதினியிடம் இன்னும் சொல்லவில்லை.

ஜனவரி 22

மயிலாத்தாளைத் தேடிக்கொண்டு இரண்டாவது மாடிப் பொது வார்டுக்குப் போனேன். யாருக்கோ தலை வாரிக்கொண்டிருந்தாள். முடிக்கும் வரை நின்றேன். என்னைப் பார்த்தும் அவள் அவசரப்படவில்லை.

"டாக்டர்கிட்டச் சொல்லிட்டேன். நான்தான் கொடுத்தேன்னு."

"செரிங்கம்மா."

"உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"ரூம்ல நீங்க ஒருத்தர்தான இருந்தீங்க. வந்து உறைய மாத்துனேன், நீங்க கையிலிருந்து புடுங்கி நீங்களே துவைக்கப் போனீங்க. அப்பவே தெரிஞ்சுதுங்க."

"அப்போ என் பேரைச் சொல்லியிருக்கலாமே. உன் தலையில எதுக்கு இழுத்துப் போட்டுக்கிட்டே?"

சீப்பிலிருந்த முடியைச் சுருட்டி எடுத்துக்கொண்டே சொன்னாள்: "நான் ஒண்ணும் இழுத்துப் போட்டுக்கலீங்க. அவியளா நெனச்சுக்கிட்டாங்க. எனக்கு அந்த மனுசனுக்கு மருந்து ஏறோணும். ஆருன்னு சொல்லி அது ஒரு பஞ்சாயத்து ஆயி, நீங்க இல்லவே இல்லைம்பீங்க, நாந்தான் பொய் சொல்றேம்பாங்க. அதுக்குள்ள அந்தாளு போயிட்டா?"

எனக்குச் சுருக்கென்றது. இல்லவே இல்லை என்றுதான் நானும் சொல்லியிருப்பேன். அழுதுவிட்டேன். அழுததைப் பார்த்து அவள் இளகவும் இல்லை, முறைத்துக்கொள்ளவும் இல்லை.

"திரும்ப வர்றியா? உன்னை அனுப்பச் சொல்லி எழுதிக் கொடுத்திருக்கேன்."

"வர்றனுங்க. ஆனா உங்க நாத்தனாரு நேத்து லிஃப்ட்டுல என்னையப் பாத்து ஒரு பேச்சுப் பேசுச்சுங்க, நாலு பேரு முன்னாடி. அவியகிட்டச் சொல்லிப்போடுங்க. அப்புறம் வர்றேன்."

டாக்டரிடம் சொன்னது இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை என்று அப்போதுதான் தெரிந்தது.

ஜனவரி 23

மதினியைக் கீழே மரத்தடிப் பெஞ்சுக்கு அழைத்துப் போனேன். கூட்டம் கூடினாலும் கூடட்டும் என்று தயாராகத்தான் போனேன். பிரஷர் மாத்திரைக்கே அந்தப் பேச்சுப் பேசியவர், இதற்கு என்னைத் தின்று ஏப்பம் விடுவார்.

"மதினி, மயிலாத்தா ஒண்ணும் கொடுக்கல. நான்தான் கொடுத்தேன். மூணு கரண்டி டீ."

மதினி முந்தானையை எடுத்து முறுக்கினார், பிரித்தார்.

"நானும் குடுத்தேன்" என்றார்.

"என்ன?"

"பதினாறாந்தேதி காலையில நீ குளிக்கப் போயிருந்த. சங்கரன்கோயில் துந்நூறத் தண்ணில கரச்சு நாக்குல விட்டேன். ரெண்டு சொட்டு. அவன் நாக்கு காஞ்சு கெடந்துச்சு செண்பகம். சாமி காரியம்தான, அது ஒண்ணும் செய்யாதுன்னு நெனச்சேன். ரெண்டே நாளுல காய்ச்சல் வரவும் எனக்கு ஈரக்கொல நடுங்கிட்டு. அதான் அவ மேல போட்டேன். அவளாத்தான் இருக்கணும்னு நானே நம்புனேன்."

முப்பது வருஷத்தில் அவர் என்னைப் பெயர் சொல்லி அழைத்தது குறைவு, எப்போதும் ஏட்டிதான். இரண்டு பேரும் அந்தப் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தோம். எனக்குக் கோபம் வர வேண்டும், வரவில்லை. அவருக்கும் வரவில்லை. அறையில் இவரைக் காவல் காத்த இரண்டு பேரும் அவரவர் பங்குக்கு ஊற்றியிருக்கிறோம். பயிரை மேய்ந்த வேலி என்று பேச்சு வாங்கியது மட்டும் மூன்றாவது ஆள்.

மதினி எழுந்து நேராக இரண்டாவது மாடிக்குப் போனார். என்ன பேசினார் என்று தெரியாது, என்னை வர வேண்டாம் என்றுவிட்டார். திரும்பி வந்தபோது கண் சிவந்திருந்தது.

மாலையில் காய்ச்சல் தொண்ணூற்றொன்பது.

ஜனவரி 24

மயிலாத்தாள் வந்துவிட்டாள். மதினி அவளுக்கு டீ வாங்கிக் கொடுக்கிறார்.

திருநீற்றுத் தண்ணீரையும் டாக்டரிடம் சொன்னோம். "வேற ஏதாவது பாக்கி இருக்காம்மா?" என்று கேட்டாள். இரண்டு பேரும் தலையை ஆட்டினோம். எது காய்ச்சலுக்குக் காரணம் என்று இனிமேல் யாரும் பிரித்துச் சொல்ல முடியாதாம். டீயாகவே இருக்கலாம் என்றுதான் எனக்குப் படுகிறது.

ஜனவரி 30

மறுபடி ஸ்கேன். இரத்தக் கட்டி பாதிக்கு மேல் கரைந்திருக்கிறது. சுற்றியுள்ள வீக்கம் இறங்குகிறது, ஆனால் எதிர்பார்த்ததைவிட மெதுவாக. நுரையீரல் காய்ச்சல் ஒரு வாரத்தைத் தின்றுவிட்டது என்று டாக்டர் சொன்னாள். அந்த ஒரு வாரம் இவர் கையில் தெரியுமா, பேச்சில் தெரியுமா என்று கேட்டேன். சொல்ல முடியாது என்றாள். அதை நான் வாழ்நாள் முழுக்கக் கேட்டுக்கொண்டுதான் இருப்பேன் என்று நினைக்கிறேன்.

இடது கை பழையபடி என் விரலை அழுத்துகிறது. வலது பெருவிரல் இன்று கொஞ்சம் அசைந்தது. மூன்று பேரும் பார்த்தோம்.

பிப்ரவரி 5

விழுங்கும் பரிசோதனையில் தேறிவிட்டார். கெட்டியான கஞ்சியாக, சின்னக் கரண்டியில், நிமிர்ந்து உட்கார வைத்து, முகவாயைத் தாழ்த்திக் கொடுக்கலாம். பயிற்சி கொடுக்கும் பெண் கிண்ணத்தை என்னிடம் நீட்டினாள். நான் வாங்கவில்லை. மயிலாத்தாள் கொடுக்கட்டும், அவளுக்குத்தான் கை பழகியிருக்கிறது என்றேன். என் கை இனி அந்த வாயருகில் போகாது என்று பதினைந்து நாளாகவே முடிவு செய்து வைத்திருந்தேன்.

மயிலாத்தாள் கரண்டியை நீட்டினாள். இவர் உதட்டை இறுக்கிக்கொண்டார். மதினி நீட்டினார். முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"அய்யா உங்களத்தான் பாக்குறாருங்க" என்றாள் மயிலாத்தாள்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. யார் சொன்னது, யாருக்குத் தெரியும், யாரிடம் சொல்வது என்று இத்தனை நாள் அல்லாடினேனே, முதலிலிருந்து தெரிந்த ஆள் இந்தக் கட்டிலில்தான் இருந்தார். அன்று கண்ணைத் திறந்துகொண்டுதான் அந்த டீயை வாங்கினார். இருமியபோதும் என்னைத்தான் பார்த்தார். இவர் ஒருவரிடம்தான் நான் இன்னும் சொல்லவில்லை.

மதினி கரண்டியை என் கையில் திணித்தார். கட்டிலருகே போய், "ஏங்க, அன்னைக்கு நான் செஞ்சது தப்புங்க" என்றேன்.

இவர் இடது கையை நீட்டி என் மணிக்கட்டைப் பிடித்தார். நன்றாக, இறுக்கமாக. கரண்டியோடு சேர்த்து என் கையைத் தன் வாய்ப் பக்கம் இழுத்தார். முகவாயைத் தாழ்த்தி, வாயைத் திறந்தார்.

கொடுத்தேன். தொண்டை ஏறி இறங்கியது. எல்லாரும் காத்திருந்தோம். இருமவில்லை.

கையை விடாமல் மறுபடி வாயைத் திறந்தார்.